நான் வெட்டிய ஓட்டை, அவன் வார்த்த நிறம்

நகக்கண்களில் குங்கிலிய மணம் ஒட்டிக்கிடக்க, அச்சுவேலியைக் கடந்து மேற்கே நடந்துகொண்டிருந்தேன். சித்திரை வெயிலில் தார் இளகியிருந்ததால், வெறுங்காலுக்குப் புல்லோரம் பார்த்து நடக்க வேண்டியிருந்தது. வயது பதினான்கு. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதும், என்னைப் பெற்ற ஐயா கடலோடு போன பிறகு வீட்டில் ஒரு நேரம் மட்டும் உலை வைத்ததும் உண்மைதான். ஆனால் அவற்றுக்காக நான் வல்வெட்டித்துறையை விட்டுப் புறப்படவில்லை. சின்னம்மாவின் மகன் குணத்தின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் புறப்பட்டேன்.

வெளிநாட்டுச் சாமான்கள் வராத எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் அம்மன் திருவிழாவில் ஊர்வலம் வரும் சப்பறத்தின் முகப்புப் பலகைகளுக்கு நிறக் கண்ணாடித்தாள் எந்தக் கடையிலும் அகப்படவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தச்சு ஆசாரியார் பலகையில் தாமரையும் கிளியும் கொடியுமாகப் பென்சிலால் வரைவார். நூல்போல மெல்லிய அலகு பூட்டிய "வில்வாளால்" அந்தக் கோடு பிசகாமல் நான் துளை வெட்டுவேன். வளைவில் சற்று அவசரப்பட்டால் அலகு முறியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டப் பழகியிருந்தேன்.

துளைகளை நிரப்புவது குணத்தின் வேலை. வள்ளத்துப் பலகை இடுக்குகளை அடைக்க எங்களூரில் குங்கிலியத்தை எண்ணெயில் உருக்குவார்கள். அவன் அந்தப் பாகில் குங்குமத்தையும் மஞ்சளையும் சலவை நீலத்தையும் தனித்தனியே கலந்து, எண்ணெய் தடவிய தகரத்தின்மேல் என் பலகையைக் கிடத்தி, சிரட்டையால் துளைதுளையாக வார்ப்பான். ஆறியபின் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தால், மரத்துக்குள் சிவப்பும் மஞ்சளும் நீலமும் கனிந்து நிற்கும். தண்ணீருக்குப் போகிற பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"எடேய் குணம், உது என்ன கையோ, இல்லாட்டி மந்திரமோ?" என்றாள் ஒருத்தி.

"அண்ணைதான் வெட்டினவர் அக்கா" என்று அவன் என்னைக் காட்டினான்.

"ஓம், ஓட்டை போடுறது எலியும் செய்யும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் என்னை முன்னிறுத்திய அந்த நல்ல குணம்தான் என்னை அதிகம் எரித்தது.

வேலை முடிந்ததும் எங்கள் இருவரில் ஒருவனைத் தன் பட்டறைக்குக் கூட்டிப்போவதாக ஆசாரியார் சொல்லியிருந்தார். மூன்று நேரச் சாப்பாடு, படுக்க இடம், பழகத் தொழில். அது எனக்கே என்று நம்பியிருந்தேன். குணத்துக்குத் தகப்பன் இருந்தார், வள்ளம் இருந்தது. எனக்குக் கை மட்டும்தான் இருந்தது.

திருவிழாவன்று பொழுதுபட, பலகைகளுக்குப் பின்னால் பெற்றோல்மாக்ஸ் விளக்குகளை ஏற்றினார்கள். முகப்பு முழுதும் ஒளிர்ந்தது. சற்று நேரத்தில் தாமரையின் சிவப்பு மெல்லக் கீழே வழிந்தது. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அலையில் பலகை நெளிந்தாலும் வெடிக்காதிருக்க வள்ளத்துக்கு எண்ணெய் கூட்டிக் காய்ச்சுகிற அதே அளவில்தான் குணமும் காய்ச்சியிருந்தான். எங்களூரில் வேறோர் அளவு இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. கடல் நீருக்கு இளகாதது விளக்குச் சூட்டுக்கு இளகிவிட்டது.

என் நெஞ்சு குளிர்ந்தது. நிறம் வழிந்த துளைகளில் வெள்ளை வெளிச்சம் பாய்ந்து, நான் வெட்டிய இதழ்கள் ஒவ்வொன்றும் கூர் மழுங்காமல் தெரிந்தன. இனிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு கிழவி முன்னே வந்து வழிந்த சிவப்பை விரலில் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மாளாச்சி குங்குமம் தாறா, பிள்ளையள்."

அவ்வளவுதான். சனம் முண்டியடித்தது. குணம் அழுதபடி நின்றான். பக்தியில் அழுகிறான் என்று சொல்லி அவன் தலையில் கைவைத்துப் போனார்கள். என் இதழ்களை ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஆசாரியார் குணத்தைச் சாமான் கட்டச் சொன்னார்.

"அவன்ரை வேலை உருகிப் போச்சே" என்றேன்.

"எண்ணெயைக் குறைக்கச் சொல்லிக் குடுக்கலாம், தம்பி. வெட்டிறதுக்கு என்னட்டை ஆள் இருக்கு. உருகினாலும் சனம் கும்பிடுகிற மாதிரிச் செய்யிறவன் என்னட்டை இல்லை."

அன்று நடக்கத் தொடங்கியவன் பல ஊர்களில் பல வேலை செய்துவிட்டேன். அந்தச் சப்பறம் இப்போது இல்லை. புதியதில் மின்குமிழ்கள் மின்னுகின்றன என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். குணத்தின் பெயரையும் சொன்னார்கள், மரியாதையோடு. இத்தனை வயதிலும் நான் பேச்சை மாற்றினேன்.

ஊரைவிட்டு நடந்த அந்த முதல் இரவு சண்டிலிப்பாயில் ஒரு மடத்தில் படுத்தேன். விடிந்ததும் புகையிலை வெட்டு நடந்த ஒரு தோட்டத்துக்குப் போனேன். தோட்டக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன வேலை தெரியும், மோனே?"

"ஒண்டும் தெரியாது" என்றேன்.

"அப்ப நல்லது" என்று சொல்லி, வாடிய புகையிலைக் கட்டொன்றைத் தூக்கி என் தலையில் வைத்து, இலைக்குப் புகை போடும் புகைக்குடிலுக்குள் அனுப்பினார். உள்ளே என்னைப்போல நாலு பேர் இருமிக்கொண்டு நின்றார்கள். அந்தப் புகையில் ஒருவர் கைவேலையை மற்றவர் பார்க்க முடியாது. எனக்கு அது போதுமாயிருந்தது.