முனியன் வாசலுக்கு வெளியே வைத்த மாத்திரை

பல் பிடுங்கும்போதுகூட மரத்துப்போகிற ஊசி வேண்டாம் என்று சொன்னவர் முனியன். பட்டினப்பாக்கத்தில் கடலை ஒட்டிய குடியிருப்பில் இதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். பல் டாக்டர் கெஞ்சிப் பார்த்தாராம். இவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து காட்டினாராம். இருமல் மருந்து குடிக்க மாட்டார். கல்யாண வீட்டில் பீடா கொடுத்தால் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுவார். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே ஒரு சத்தியம்.

அவர் கட்டுமரத்திலும் பிறகு ஃபைபர் படகிலும் கடலுக்குப் போனவர். இருபது வருஷம் குடித்தார். அவர் மனைவி லூர்துமேரி லூப் ரோட்டில் மீன் விற்றார். ஒரு நாள் மதியம் போதையில் அவர் தள்ளியதில் லூர்துமேரி அக்காவின் இடது மணிக்கட்டு முறிந்தது. கோணலாகவே கூடியது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் அவர் சங்கரா மீனுக்குச் செதில் எடுப்பதை, தெளிந்த பிறகு முனியன் பார்த்தார். அந்த வருஷம் செப்டம்பர் திருவிழாவுக்குப் பட்டினப்பாக்கத்திலிருந்து பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் வரை வெறுங்காலோடு நடந்தார். அவர் இந்து, அக்கா கிறிஸ்தவர். குப்பத்தில் மாதாவுக்கும் அம்மனுக்கும் சண்டை கிடையாது. "போதை தர்ற எதுவும் என் வாயிலயும் படாது, என் வாசப்படியும் தாண்டாது" என்று மாதா முன்னால் சொல்லிவிட்டு வந்தார். பதினோரு வருஷம் அதைக் காப்பாற்றினார்.

எனக்கு இதெல்லாம் பின்னால்தான் தெரியும். நான் ஜுவேரியா. தீராத நோயில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே போய் வலியைக் குறைக்கிற ஒரு சின்ன அமைப்பில் நர்ஸ். ஆபீஸ் அடையாறில். ஸ்கூட்டியில் நாள் முழுக்க மந்தைவெளி, மயிலாப்பூர், பட்டினப்பாக்கம் என்று சுற்றுவேன். வாய் கொஞ்சம் நீளம் என்று எனக்குப் பேர். வேலை தெரியும் என்கிற திமிரும் உண்டு. அந்தத் திமிர் எங்கே வழுக்கியது என்பதையும் இதில் எழுதியாக வேண்டும்.

லூர்துமேரி அக்காவுக்குக் கர்ப்பப்பை வாயில் வந்த புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் முதுகுக்கும் ஏறிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் டாக்டர் மதிவாணன் ஆபீஸிலேயே முதல் மார்ஃபின் மாத்திரையைக் கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "ஐயோ, நின்னுபோச்சு சிஸ்டர்" என்றார். நாலு மணி நேரத்துக்கு ஒன்று, வலி வந்தாலும் வராவிட்டாலும் கொடுக்க வேண்டும் என்று முனியனிடம் சொல்லி, ஒரு வாரத்துக்கான மாத்திரையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். அந்தப் படிவத்தில் 'போதை மருந்து' என்றே அச்சடித்திருக்கும். சட்டத்துக்கு அப்படித்தான் எழுத வேண்டும். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். பேனா பிடித்த கை நின்றது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அன்றைக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி. "போடுங்க அண்ணா, சும்மா ஃபார்மாலிட்டி" என்றேன். போட்டார்.

அடுத்த வாரம் வீட்டுக்குப் போனபோது அக்கா சுருண்டு கிடந்தார். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டேன். "எட்டு இருக்கும்" என்றார். டாக்டரிடம் சொல்லி ஒன்றை இரண்டாக்கினோம். மூன்றாவது வாரமும் எட்டு. இரண்டை மூன்றாக்கினோம். நாலாவது வாரம் ஒன்பது என்றார். முனியன் கதவருகில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நேரத்துக்குக் குடுக்கிறீங்களா அண்ணா?" என்றேன். "மணி பாத்துத்தாம்மா குடுத்துக்கினு கீறேன்" என்றார். அது பொய்யில்லை. மணி பார்த்துத்தான் கொடுத்தார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பதினாறு வருஷம் மற்றவர்கள் வலியைப் பத்துக்கு இத்தனை என்று எழுதி எழுதி எனக்கு அது வெறும் எண்ணாகிவிட்டிருந்தது. ஐந்தாவது வார முடிவிலும் ஒன்பது என்று எழுதிக்கொண்டு, வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். வெளிக்குப் போகிறதா என்றதற்கு அக்கா, "அதெல்லாம் தெனமும் காலைல போயிடுது. அந்தத் தித்திப்பு மருந்து வாணாம் சிஸ்டர்" என்றார். சந்தோஷமாகக் குறித்துக்கொண்டு கிளம்பினேன்.

மந்தைவெளி சிக்னலில் சிவப்பு விழுந்தது. அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மார்ஃபின் போய் உட்காருகிற இடங்கள் முதுகுத்தண்டில் மட்டும் இல்லை. குடலிலும் உண்டு. அங்கே உட்கார்ந்தால் குடல் மந்தமாகும். இவ்வளவு மாத்திரை சாப்பிடுகிற எவருக்கும் மலச்சிக்கல் வராமல் இருக்காது. அதற்காகத்தானே அந்தத் தித்திப்பு மருந்தையே கொடுக்கிறோம். கண்ணின் கருமணியும் ஊசிமுனையாகச் சுருங்கும். அக்காவின் கருமணி நன்றாக விரிந்திருந்தது. ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண் திறந்திருந்தால் போதுமா, பார்க்க வேண்டாமா. பின்னால் ஹாரன் அடித்தவனைத் திட்டிவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

முனியன் வாசலுக்கு வெளியே மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். ஐஸ் போட்டு மீன் வைக்கிற பெரிய பெட்டி. அக்கா படுத்ததிலிருந்து அது காலி. "மாத்திரை எங்க அண்ணா?" என்றேன். அவர் எழுந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே பாலித்தீன் பையில் ஐந்து வாரத்து மாத்திரை அட்டைகள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. அக்காவுக்கு அவர் இத்தனை நாளும் கொடுத்தது தெருமுனை மெடிக்கலில் வாங்கிய காய்ச்சல் மாத்திரை.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்தது. அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். நான் மூச்சு வாங்க நின்றபோது, மணிக்கட்டையும் மாதாவையும் சத்தியத்தையும் சொன்னார்.

"நீயே போதை மருந்துன்னு எழுதி வாங்கினியேம்மா. ஒரு வாட்டி உள்ள வந்துச்சின்னா அது என்னியும் தேடும். எனக்குத் தெரியும் அது எப்டி கூப்புடும்னு. அவளயும் புடிச்சிக்கும்னு பயம். அந்தாண்ட தூக்கிப் போடவும் மனசு வர்ல. அவ மருந்தாச்சே."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் படுக்காது. என் கோபம் அவர் மேலிருந்து இறங்கி என் மேல் ஏறியது. அந்தப் பேனா நின்ற நேரத்தில் நான் ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் இந்த முப்பத்தைந்து நாள் இல்லை. இப்போது அவர் பக்கத்தில் அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தேன்.

"கடல்ல அடிபட்டிருக்கீங்களா அண்ணா?"

வலது கையைக் காட்டினார். சுண்டுவிரலில் பாதி இல்லை. கயிறு சுற்றி அறுத்துவிட்டது என்றார். "அலை பெருசு. கரைக்கு வந்து படக ஏத்துற வரைக்கும் ஒண்ணுமே தெர்ல. மணல்ல உக்காந்தப்பறந்தான் உயிர் போச்சு."

"ஏன் தெரியலன்னு யோசிச்சீங்களா?"

யோசித்ததில்லை என்று தலையாட்டினார். நான் அவருக்குத் தெரிந்த கரையை வைத்தே சொன்னேன். படகு வந்தால் கரையில் ஒருத்தர் ஏலம் கூவுகிறார். அதைக் கேட்டு மேட்டில் நிற்கிறவர் ரோட்டுக்குக் கூவுகிறார். வலியும் அப்படித்தான். இடுப்பிலிருக்கிற நரம்பு கூவும். முதுகுத்தண்டில் இருக்கிற நரம்பு அதைக் கேட்டு மூளைக்குக் கூவும். அந்த இரண்டு பேருக்கும் பக்கத்தில் சின்னச் சின்ன இருக்கைகள் உண்டு. அங்கே உரிய ஆள் வந்து உட்கார்ந்தால் கீழே இருப்பவர் குரல் இறங்கிவிடும், மேலே இருப்பவருக்குக் காது மந்தமாகிவிடும். காயம் அப்படியேதான் இருக்கும். செய்தி மட்டும் மேலே போகாது.

"அந்த இருக்கைய யாரும் வெளியிலேர்ந்து கொண்டுவந்து போடல. நாம பொறக்கும்போதே இருக்கு. உட்கார வேண்டிய ஆளையும் உடம்பே செய்யுது. அன்னிக்கு உங்க விரல் போனப்போ உங்க உடம்பே அதைச் செஞ்சு உட்கார வெச்சுது. கரைக்கு வந்ததும் அது எழுந்து போச்சு. அக்காவுக்கு வலி ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. உடம்பு செய்யறது போதல. மார்ஃபின் அதுக்குப் பங்காளி. அதே இருக்கையில உட்காரும். நாலு மணி நேரத்துல எழுந்து போயிடும், அதனாலதான் மணி பார்த்துக் குடுக்கச் சொன்னேன். நீங்க குடுத்த மாத்திரைக்கு அந்த இருக்கை இருக்கிற இடமே தெரியாது."

அவர் பாதி விரலைத் தடவினார். "அப்போ போதை?" என்றார்.

பொய் சொல்ல எனக்கு மனமில்லை. "அதே இருக்கை மூளையில வேற இடத்துலயும் இருக்கு. வலி இல்லாதவன் சுகத்துக்குத் தின்னா அது அவனைப் பிடிக்கும். நீங்க பயந்தது பைத்தியக்காரத்தனம் இல்ல. ஆனா இவ்ளோ வலியில அளவா, மணி பார்த்துக் குடுத்தா அப்படிப் பிடிக்கிறது ரொம்ப அபூர்வம். பதினாறு வருஷத்துல நான் பார்த்ததில்ல."

"எனக்கும் அந்த எடம் கீதா?"

"எல்லாருக்கும் இருக்கு அண்ணா. உங்க சத்தியத்துக்கு முன்னாடியே வாசப்படிக்கு உள்ளதான் இருக்கு."

டாக்டருக்குப் போன் செய்தேன். கடைசியாக எழுதியபடி மூன்று மாத்திரை கொடுத்தால் ஆபத்து. அக்காவின் உடம்புக்கு மார்ஃபின் பழகவே இல்லை, மூச்சையே மந்தமாக்கிவிடலாம். பத்து மில்லிகிராம் மாத்திரையில் பாதியிலிருந்து தொடங்கச் சொன்னார். நான் அட்டையை எடுக்கக் கையை நீட்டினேன். முனியன் தடுத்தார்.

"நானே எடுத்துக்கினு போறேம்மா. சொன்னது நானு. தாண்டறதும் நாந்தான் தாண்டணும்."

குழாயடியில் காலைக் கழுவினார். அரை மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, வாசற்படியில் ஒரு கணம் நின்று, பெசன்ட் நகர் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். எனக்கு அழுகை வந்தது. தண்ணீர் எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து அக்கா காலை நீட்டினார். ஒரு மாதத்தில் முதல் தடவை. தலைவாரிவிடச் சொன்னார். முனியன் எனக்கு டீ வாங்கப் போயிருந்தார். சிக்கெடுத்துக்கொண்டே, "உங்களை வலியில விட்டுட்டோம் அக்கா. இவ்வளவு நாள் அது வேற மாத்திரை" என்று மெதுவாகச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் சிஸ்டர். மொத நாளு ஆபீசுல குடுத்தாங்களே, அது சின்னது, கசந்துது. இது பெருசு, மாவு மாரி கீது. கம்பெனி மாத்திட்டாங்கன்னு சொன்னாரு. மீன் விக்கிறவகிட்டயே பழைய மீன விக்கிறாரு."

என் கையில் சீப்பு நின்றுவிட்டது. "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"இந்த வலி என்னோட போயிடும். அவரு குடி மறுபடி வந்துச்சின்னா என்னோட போவுமா? பதினோரு வருசமா அந்த மனுசன் எனக்குக் குடுத்தது அந்தச் சத்தியம் ஒண்ணுதான். நானே எப்டி ஒடைக்கிறது? நீ சொல்லிடாத. அவருக்குத் தாங்காது." கோணல் மணிக்கட்டோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். சத்தியம் செய்தேன்.

அதற்குப் பிறகு அக்கா பத்தொன்பது நாள் இருந்தார். வலி இரண்டு, மூன்று என்றே எழுதினேன். ஒரு நாள் நெத்திலிக் குழம்பு கேட்டு, முனியன் வைத்ததில் புளி போதவில்லை என்று குறை சொன்னார். மலச்சிக்கல் வந்தது. தித்திப்பு மருந்தைக் குடித்தார். ஒரு காலையில், பக்கத்தில் முனியன் உட்கார்ந்திருக்க, வலியில்லாமல் போனார்.

மீதியான மார்ஃபினைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. நாங்களே போய் வாங்கிக்கொள்வோம். ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் முனியனே அடையாறு ஆபீஸுக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். பாலித்தீன் பையை மேசைமேல் வைத்தார். எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அவர் மேல் வாடை எதுவும் இல்லையே என்று நான் மோந்து பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன்.

"நான் அப்ப வேற மாத்திரை குடுத்தது அவளுக்குத் தெரியுமாம்மா?" என்றார்.

"தெரியாது அண்ணா" என்றேன். உடனே சொன்னேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "நல்ல பொண்ணு நீ. அவளுக்குத் தெரியும். அன்னிக்கி அந்தப் பாதி மாத்திரைய வாயில போட்டதும் 'இதான் கசக்கும்'னா. வேற ஒண்ணும் சொல்லல. என் மூஞ்சியத் தொட்டா. முப்பத்தஞ்சு நாளு தெரிஞ்சேதான் வாங்கி முழுங்கிக்கினு இருந்திருக்கா."

அவர் எழுந்தார். கதவு வரை போய் நின்றார்.

"அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கி ஊத்திக்கலாம்னு கெளம்பினேம்மா. மனசுல அந்த எடம் கூப்புட்டுச்சு. கடை வாசல் வரைக்கும் போயி திரும்பிட்டேன். அவ்ளோ வலியும் எனக்கோசரம் தாங்கியிருக்கா. அத எப்டி குடிக்கிறது?"

கையெழுத்துப் போட வேண்டும் என்று நினைவுபடுத்தினேன். திரும்பி வந்து, மருந்தைத் திருப்பித் தருகிற படிவத்தை எழுத்துக் கூட்டிக் கடைசி வரி வரை படித்தார். இந்தத் தடவை நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.