எரியோட்டுக்குப் போன ஐஸ் பெட்டி

1998 ஆவணி. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மதுரையில் பஸ் ஏறினேன். நான் ஆஸ்பத்திரி லேப்காரன். மடியில் தெர்மோகோல் பெட்டி, அதற்குள் ஐஸ். எரியோட்டுப் பக்கம் மலர் என்று ஐந்து வயதுப் பிள்ளை. ஓடியாடித் திரிந்தவள் முதலில் நடையை மறந்தாள், பிறகு பேச்சை. குடும்ப வழியாக வரும் மூளைத்தேய்வு என்பது வரை எங்கள் டாக்டருக்குப் பிடிபட்டது. எந்த வகை என்று சொல்ல வெளியூர்ச் சோதனைக்கூடம்தான் கதி. முன்பு அனுப்பிய ரத்தம் ஐஸ் கரைந்து வழியிலேயே கெட்டுவிட்டது. மலரின் அம்மா பாக்கியத்துக்கு இப்போது இரண்டு மாதம். மூத்தவளுக்கு என்னவென்று தெரிந்தால்தான் வயிற்றில் இருப்பதற்கும் அது உண்டா என்று பார்க்க முடியும்.

எட்டு மணிக்குத் திண்டுக்கல். ஊரெல்லாம் பிரியாணி வாசனை கிளம்புவதற்கு முன்பே புது ஐஸ் வாங்கி நிரப்பிக்கொண்டு எரியோடு பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் நாலரை ரூபாய். உட்கார இடம் கிடையாது.

"பெட்டில என்ன சார், மீனா?" என்றார் கண்டக்டர்.

"ரத்தம் எடுக்கப் போறேன்ப்பா."

அப்புறம் அந்த மனுசன் என் பக்கமே வரவில்லை. வெளியே முருங்கைத் தோட்டங்களும் காய்ந்த கரட்டுக் குன்றுகளும் போய்க்கொண்டிருந்தன.

ஒன்பதரைக்கு இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். மலரின் அப்பா தங்கராசு நூல் மில் தொழிலாளி. அக்கா மகள் பாக்கியத்தைத்தான் கட்டியிருந்தார். வாசலில் நின்றவர் பெட்டியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லிவிட முடியல சார். பிள்ள வெள்ளிக்கிழம போயிட்டா. பொதைச்சிட்டோம்."

பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. பாவி, போன வாரமே வந்திருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்போதுதான் அந்த வெள்ளித் தாயத்து ஞாபகம் வந்தது. முதல்முறை ரத்தம் எடுத்தபோது மலரின் இடுப்பில் பார்த்தது. பிறந்த சில நாளில் விழுந்த தொப்புள்கொடியைக் காயவைத்து அதில் அடைத்திருப்பார்கள். அந்தக் காய்ந்த துண்டு போதும், சோதனைக்கூடத்தில் எப்படியாவது கெஞ்சிப் பார்க்கலாம்.

"தாயத்தையும் சேத்துப் பொதைச்சிட்டீங்களா?"

"இல்ல சார், இருக்கு." பாக்கியம் உள்ளே போய் எடுத்துவந்தாள். தங்கராசு நகத்தால் மூடியை நெம்பினார். உள்ளே ஒன்றும் இல்லை.

பாக்கியம்தான் சொன்னாள். "பேச்சு நின்னப்பவே ஒரசிக் குடுத்துட்டேன் சார். எந்த மருந்துக்கும் கேக்காத சீக்கு, பெறந்த கொடிக்குக் கேக்கும்னு எங்க பக்கம் சொல்லுவாக. தேன்ல கொழச்சு, ஒரு பொட்டு மிச்சமில்லாம நாக்குல தடவுனேன். தப்பா சார்?"

"இல்லம்மா" என்றேன்.

"அப்ப இதுக்கு எப்படிப் பாப்பீக?" வயிற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். குடிக்க மோர் கொடுத்தார்கள். வேண்டாமென்று சொல்ல மனசில்லை.

மாலை நாலு மணிக்கு மதுரை வந்து பெட்டியைத் திறந்தேன். இந்தத் தடவை ஐஸ் பாதிக்கு மேல் கரையாமல் இருந்தது. ஆத்திரமாக வந்தது. வாஷ்பேசினில் கொட்டினேன்.

வீட்டில் என் மகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பிலும் அதே மாதிரித் தாயத்து. குனிந்து அதனருகே காதை வைத்து மெதுவாக ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஏதோ உருண்டது.