தோள் பார்த்து ஓடும் நாய்

எங்கள் நாய் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வராது, திட்டினால்தான் வரும். அதனால் மரக்காணம் உப்பளத்தில் என் வாய் ஓய்ந்த நேரமே கிடையாது. உப்பு அம்பாரத்தை மூடிய பனையோலைக்கு அடியில், கண் திறக்காத குட்டியாக எனக்குக் கிடைத்தது அது. துணியைப் பாலில் நனைத்துப் புகட்டி வளர்த்தேன். பிள்ளைகள் இருவரும் சென்னைக்கு வேலைக்குப் போனபிறகு வீட்டில் நான் அதட்டினால் திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் இருந்தது. வீட்டுக்காரரை அதட்டுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

நாயிடம் ஒரே ஒரு குறை, பாத்தியில் இறங்கிவிடும். உப்பு பூத்த பாத்தியில் நாங்களே கண்டபடி கால் வைக்கமாட்டோம். நீளக் கம்பின் நுனியில் அடித்த பலகையை வரப்பில் நின்றபடி எட்டிப் போட்டு, உப்பை எங்கள் பக்கம் இழுப்போம். இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் வெறுங்காலோடு, அடி பார்த்து இறங்குவோம். செருப்புக்கால் படவே கூடாது என்பது மேஸ்திரி போட்ட சட்டம். நாய்க்கு ஏது சட்டம்? நாலு காலாலும் உழுதுவிடும். அடியில் இருக்கும் சேறு கிளம்பி வெள்ளை உப்பு பழுப்பாகிவிடும்.

மூன்றாவது முறை அது இறங்கிய அன்று மேஸ்திரி என்னிடம் வந்தார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"ஏம்மா, இன்னும் எத்தினி தபா சொல்றது? இனிமே பாத்தியில கால் வெச்சிதுன்னா, உப்பு லாரியில ஏத்தி திண்டிவனம் தாண்டி வுட்டுட்டு வரச் சொல்லிடுவேன்."

அவர் சொன்னால் செய்கிற ஆள். மறுநாள் வீட்டில் கட்டிப்போட்டுப் பார்த்தேன். கயிற்றைக் கடித்துப் போட்டுவிட்டு, எனக்கு முன்னால் உப்பளத்தில் போய் நின்று வாலாட்டியது.

என் தங்கை ஆரோவில்லில் சமையல் வேலை செய்கிறாள். அவள்தான் வழி சொன்னாள். "அக்கா, எங்க பக்கத்துல ஞாயித்துக்கெழம நாய்ங்களுக்கு கிளாஸ் நடக்குது. கம்பு தாண்டறது, டிரம்முக்குள்ள பூந்து வர்றது, ஒல்லியா ஒரு மரச்சட்டத்து மேல ஓடறதுன்னு எல்லாம் சொல்லித் தர்றாங்க."

மற்றதெல்லாம் என் காதில் விழவில்லை. ஒல்லியான சட்டம் என்றால் வரப்புதானே. அதன் மேல் ஓடப் பழகிவிட்டால் என் நாய் பிழைத்தது.

"நாய் வாலை நிமித்தப் போறியா?" என்றார் வீட்டுக்காரர். சொன்னாரே தவிர, ஞாயிற்றுக்கிழமை காலையில் மொபெட்டை அவரேதான் துடைத்து வைத்தார். நாய் முன்னால் கால் வைக்கும் இடத்தில் நின்றுகொண்டது, காது இரண்டும் காற்றில் பறக்க. வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த என்னை ஒருவரும் சட்டை செய்யவில்லை.

முந்திரி மரங்களுக்கு நடுவே செம்மண் திடல். செங்கல் மேல் மூங்கில் கம்புகள், அடி வெட்டிய நீல டிரம்கள், டயர்கள் மேல் கிடத்திய சட்டம். ஐந்து நாய்கள் இருந்தன. அதில் ஒன்று சீப்பு போட்டு வாரிய தலையோடு வந்திருந்தது. சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பக்கத்துக் கிராமத்துப் பெண். "நாய் சரியா செஞ்ச அந்த நிமிசமே தீனி குடுத்துடணும் அக்கா, அப்புறமா குடுத்தா எதுக்குன்னு அதுக்குத் தெரியாது" என்றாள். மற்றவர்கள் பிஸ்கட் கொண்டு வந்திருந்தார்கள். நான் இடுப்புச் சுருக்குப்பையில் நெத்திலிக் கருவாடு கொண்டுபோயிருந்தேன். பையின் வாயைத் திறந்ததும் ஐந்து நாய்களும் பாடத்தை விட்டுவிட்டு என் முன்னால் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. அந்தச் சீப்புத் தலையும்தான். நான் சிரித்த சிரிப்பில் என் நாயே பயந்துபோனது.

பாடம் மட்டும் ஏறவில்லை. தாண்டு என்றால் கம்பைச் சுற்றிக்கொண்டு போகும். சட்டத்தில் இரண்டடி வைத்ததும் பக்கவாட்டில் குதித்துவிடும். நான் கத்தினேன். கத்தக் கத்த இன்னும் வேகமாகக் குதித்தது. இரண்டு ஞாயிறு இப்படியே போயின. மூன்றாவது ஞாயிறு அந்தப் பெண் என்னை நிறுத்தினாள்.

"அக்கா, நீங்க வாயால ஒண்ணு சொல்றீங்க, ஒடம்பால ஒண்ணு சொல்றீங்க. நாய் உங்க வாயைப் பாக்காது. தோள் எங்க திரும்புது, கால் எங்க போவுதுன்னுதான் பாக்கும். இந்த வாட்டி வாயை மூடிக்கிட்டு ஓடுங்க."

"இருவத்தஞ்சு வருசமா நானும் அதைத்தாம்மா சொல்றேன்" என்றார் வீட்டுக்காரர், மரத்தடியிலிருந்து.

அவரை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று ஓடினேன். பாதி வழியில் அவள் மறுபடியும் நிறுத்தினாள். "சட்டத்துக்கு நேரா ஓடாம, ஏன் குறுக்கால திரும்பி ஒரு காலை முன்னாடி வெச்சி, கையை அப்படி எட்டிப் போடறீங்க? நீங்க என்ன வேலை செய்றீங்க?"

"உப்பு வாரறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது.

வரப்பில் நின்று, நெஞ்சைப் பாத்திக்குக் காட்டி, கையைப் பாத்திக்குள் எட்டிப் போட்டுக்கொண்டேதான் அதனிடம் நான் 'எறங்காதடி' என்று கத்திக்கொண்டிருந்தேன். அது என் சொல்லைத் தட்டவே இல்லை. நான் காட்டிய இடத்துக்குத்தான் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகப் போயிருக்கிறது. அதற்கு நான் கொடுத்த வசவுகளை நினைத்து வெட்கமாக இருந்தது. செம்மண்ணில் உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அதற்குக் கருவாட்டுப் பைமேல்தான் கண்.

பிறகு தோளைச் சட்டத்துக்கு நேராக வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஓடினேன். பக்கத்தில் அதுவும் ஓடியது, சட்டத்தின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை. எனக்கு நாற்பத்தாறு வயது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பந்தயத்தில் ஜெயித்தவளைப் போலக் குதித்தேன்.

அந்த வாரம் முழுக்க உப்பளத்தில் பழக்கினேன். நாய் என்னிடம் வந்தால் பலகையை நிறுத்துவேன். வரப்பின் நீளத்துக்குத் தோளைத் திருப்பி ஓரடி எடுத்து வைப்பேன். அது வரப்போடு ஓடி, கடைசியில் இருக்கும் அம்பாரத்தருகே உட்கார்ந்துகொள்ளும்.

சனிக்கிழமை மேஸ்திரி வந்தார், புதுச் செருப்பு போட்டுக்கொண்டு. வரப்பின் அந்தக் கோடியிலிருந்து அவர் வருவதை நான் பார்க்கவில்லை. நாய் வந்து நின்றது. பழக்கத்தில் தோளைத் திருப்பி அடி எடுத்து வைத்துவிட்டேன். அது கிளம்பியது. அப்புறம்தான் எதிரே அவரைப் பார்த்தேன். ஒருவர் போகிற அகலம்தான் வரப்பு. யாராவது ஒருவர் இறங்கியாக வேண்டும்.

நாய் இறங்கவில்லை. கடைசி நொடியில் மேஸ்திரிதான் இறங்கினார். இரண்டு செருப்புக்காலும் பூத்த உப்பில் புதைந்தன. நாய் அவரைத் தாண்டிப் போய் அம்பாரத்தருகே உட்கார்ந்தது.

உப்பு இழுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பலகையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். பக்கத்துப் பாத்தியில் ஒருத்தி, "செருப்புக் காலு" என்றாள், மெதுவாக. அவ்வளவுதான், எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரி தன் காலைச் சுற்றிப் பழுப்பாகிக்கொண்டிருந்த உப்பைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். அவர் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரிம்மா, நாயி இங்கியே இருக்கட்டும். இப்ப நான் எப்பிடி ஏறறது, வழுக்குதே."

எப்படி என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். வரப்பு கெட்டியாக இருக்கிற பக்கம் தோளைத் திருப்பி ஓரடி எடுத்து வைத்தேன். மேஸ்திரி என் தோளைப் பார்த்துக்கொண்டே வந்து, நேராக ஏறிவிட்டார்.

என் கை தன்னால் சுருக்குப்பைக்குள் போய் ஒரு நெத்திலியை எடுத்துவிட்டது. நல்லவேளை, அது மேஸ்திரி பக்கம் நீளுவதற்குள் நாய் ஓடிவந்துவிட்டது.