நாற்பத்திரண்டு பேர், ஒரே ஆள்

என் நாவல் அச்சாக வேண்டுமானால் நூற்றைம்பது பேர் முன்பதிவு செய்ய வேண்டும். நாற்பது நாள் கெடு. ஒரு ஆள் குறைந்தாலும் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பிப் போய்விடும், புத்தகம் கிடையாது, பதிப்பகம் மறுபடி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. கிரவுட் ஃபண்டிங் என்று இதற்குப் பெயர். இதற்குப் பதிலாகக் கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் மானமாவது மிஞ்சியிருக்கும்.

பணத்தைப் பார்க்காமல் ஏன் ஆளை எண்ணுகிறீர்கள் என்று பதிப்பகத்தில் கேட்டேன். முன்பு ஒருவர் தன் நாவலின் அத்தனை பிரதியையும் மச்சான் போனிலிருந்து தானே வாங்கிவிட்டாராம். பிறகு அது கோடவுனில் கிடந்து கரையான் தின்றதாம். அன்றிலிருந்து ஒரு பெயர், ஒரு போன் நம்பர், ஒரு ஆள். அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும், என் உயிரை எடுத்தார்.

நான் சிப்காட்டில் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் லேப் வேலை பார்க்கிறேன். உலையிலிருந்து சாம்பிள் வரும். கார்பன், சல்ஃபர் எல்லாம் சரியா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எட்டு வருடமாக இதுதான் பிழைப்பு. நாவலைப் புதுவாயல் வீட்டில் விடியற்காலையில் எழுந்து, சோறு வேகிற நேரத்தில் போனிலேயே தட்டி எழுதினேன். ஆயிரம் வருடம் கழித்து, விண்கற்களைப் பிடித்து உருக்கும் ஒரு கப்பலின் கதை. மூன்று வருடம் ஆனது. எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை. விற்பதுதான் நாய்ப் பிழைப்பு.

என்னைப் போலச் சொந்தமாக நாவல் போடுகிறவர்கள் இருபத்திரண்டு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தோம். அதில் வேப்பம்பட்டிலிருந்து தினம் சென்னைக்கு ரயிலேறுகிற ஒருவர் ஏழு பாக மாயாஜால நாவல் எழுதுகிறார். ஒரு பாகமும் வந்தபாடில்லை, ஏழுக்கும் அட்டை மட்டும் தயார். காலையில் கண் விழித்தால் அவருடைய அட்டையில் இருக்கிற யாளி போனுக்குள்ளிருந்து கண் சிமிட்டும். "நீங்க என்னுதுக்கு ஒரு முன்பதிவு போடுங்க, நான் உங்களுதுக்கு ஒண்ணு போடறேன்" என்றார். போட்டேன். எல்லோரும் எல்லோருக்கும் போட்டோம். ஒரே பந்தியில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தர் இலையில் இன்னொருத்தர் பரிமாறிய கதைதான். இருபத்திரண்டு எழுத்தாளர்கள் இருந்தார்கள், வாசகர் என்று ஒரு ஜீவன் இல்லை.

ரீல் போடு, ரீல் போடு என்று குழுவில் உசுப்பிவிட்டார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் போய், தூரத்துக் கிரேன்கள் பின்னால் தெரிகிற மாதிரி நின்று பேசினேன். விண்கப்பல் தளம் மாதிரி இருக்கும் என்று நினைப்பு. கடல் காற்றில் நான் பேசியது ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்த்தவர்களில் நாலு பேர் துப்பட்டா எங்கே வாங்கினது என்று கேட்டிருந்தார்கள்.

முப்பத்தாறாம் நாள் நூற்றொன்பது பேரில் நின்றது. சொந்தக்காரர்கள், ஸ்கூல் கூட்டாளிகள் எல்லாரையும் நச்சரித்து முடித்தாயிற்று. நான் போன் செய்தாலே எடுக்காமல் விடுகிற நிலைமை. அன்றைக்குத்தான் மதியம் கேன்டீனில் மேஸ்திரி அக்கா ஒரு லட்டை என் தட்டில் வைத்தார். வார்ப்புகளைப் பிரித்து அடுக்கும் யார்டில் பதினேழு பெண்களுக்கு அவர்தான் மேஸ்திரி. எங்கள் பி ஷிஃப்டில் கல்யாணமோ காதுகுத்தோ எதுவானாலும் கவரை எடுத்துக்கொண்டு சுற்றி வருகிறவரும் அவர்தான்.

"இன்னாம்மா, சந்தோஷமா? உன் புக்குக்கு நாப்பத்திரண்டு பேரும் செஞ்சிட்டோம். ஒரு ஆளு பாக்கி இல்ல."

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நூற்றொன்பதும் நாற்பத்திரண்டும் நூற்றைம்பத்தொன்று! போனில் முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். நூற்றுப்பத்து என்றிருந்தது. பெயர் என்ற இடத்தில் 'பி ஷிஃப்ட் அன்பளிப்பு'. பிரதிகள் நாற்பத்திரண்டு. போன் நம்பர் அக்காவுடையது.

"ஐயோ அக்கா, இன்னா வேலை செஞ்சு வெச்சிருக்கீங்க! இது ஒரே ஆள்தான்!"

"அதெப்படி ஒரே ஆளு? கல்யாணத்துக்கு நாப்பது கவரா குடுக்கறோம்? ஒண்ணாதான குடுப்போம். தனித்தனியா குடுத்தா எவன் எவ்ளோ வெச்சான்னு தெரிஞ்சுடும், இல்லாதவனுக்கு அசிங்கமா பூடும்."

"இது கல்யாணம் இல்லக்கா, புக்கு!"

"எதுவா இருந்தா இன்னா? உன் ஊட்டு விசேஷம்தான?"

பதிப்பகத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சிப் பார்த்தேன். தனித்தனிப் பெயர், தனித்தனி போன் என்று கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொன்னார்கள். அந்தப் பதிவை ரத்து செய்து, பணத்தை அக்காவுக்கே திருப்ப வைத்து, ஆள் ஆளாகப் பிடிக்கக் கிளம்பினேன்.

அந்த இரண்டு நாள் பட்ட பேஜாரு கொஞ்சநஞ்சமல்ல. பெயர் போட்டால் போனுக்கு ஓடிபி வரும், அதை எனக்குச் சொல்ல வேண்டும். "ஓடிபி யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு பேங்க்ல சொல்லிக்கிறாங்க மேடம்" என்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இன்னொருவர் சொல்லத் தயார், ஆனால் போன் மனைவியிடம் இருந்தது. மற்றொருவர் தன் பெயரை ஜாதகத்தில் இருக்கிற மாதிரி போடுவதா ஆதாரில் இருக்கிற மாதிரி போடுவதா என்று கால் மணி நேரம் யோசித்தார். எப்படியோ இழுத்துப் பிடித்து நூற்று முப்பத்தொன்றுக்குக் கொண்டுவந்தேன். பாக்கி அக்காவும் யார்டுப் பெண்களும், உலையை விட்டு நகர முடியாத இரண்டு பேரும். யார்டுப் பெண்கள் அக்கா சொன்னால் ஐந்து நிமிட வேலை.

முப்பத்தெட்டாம் நாள் மதியம் கேன்டீனில் அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"நம்ம ஷிஃப்ட் குரூப்ல போட்டியே, மொத அத்தியாயம், ஷேர் ஆட்டோல போய்க்கினே படிச்சேன். நல்லாத்தான் கீது."

முப்பத்தெட்டு நாளில் கதையைப் பற்றிப் பேசிய முதல் ஆள். எனக்கு வாயெல்லாம் பல்.

"கப்பலுக்குப் பேரு வெச்சிக்கிற. கப்பல்ல கீற பூனைக்குக்கூடப் பேரு வெச்சிக்கிற. மூணாம் பக்கத்துல உலைல வேலை செய்றவன் ஒருத்தன் வெந்து சாவுறானே, அவன் பேரு இன்னா?"

"அவன் சின்ன கேரக்டர்க்கா. கதை தொடங்கறதுக்காக..."

"ஒருத்தன் செத்தாதான் உனுக்குத் தொடங்குமா?"

"அப்படி இல்லக்கா. பேர் வெச்சா அவன் தேவையில்லாம மனசுல நிப்பான். எழுதறதுல அது ஒரு முறை."

"நிக்கட்டுமே. இன்னா கொறஞ்சு பூடும்?" அக்கா குரலை உயர்த்தவில்லை. "செரி, அத்த வுடு. நம்ம உலைல எட்டு வருஷமா உனுக்கு சாம்பிள் கொண்டாந்து குடுக்கறாரே, அவரு பேரு சொல்லு."

"ஃபர்னஸ் அண்ணன்."

"பேரு கேட்டேன்."

எனக்குத் தெரியவில்லை.

"அப்ப எங்க பேரு மட்டும் உனுக்குத் தனித்தனியா இன்னாத்துக்கு? நான் குடுக்கமாட்டேன். என் பொண்ணுங்களும் குடுக்க மாட்டாங்க" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெடு முடிய இரண்டு நாள்! மூன்று வருட உழைப்பு ஒரு செத்துப்போன கேரக்டரால் நின்றுவிடுமா? இந்தம்மாவுக்கு என்ன தெரியும் நாவலைப் பற்றி என்று லேபுக்குள் போய்த் தனியாகப் பொரிந்து தள்ளினேன். பொரிந்து முடித்ததும் வெட்கமாக இருந்தது. அந்த அத்தியாயத்தை எழுத்தாளர் குழுவிலும் போட்டிருந்தேன். அபாரம், அட்டகாசம் என்று எழுதிய இருபத்தொரு பேரில் ஒருத்தர்கூட மூன்றாம் பக்கத்தில் நிற்கவில்லை.

புத்தகம் வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி நாள் மத்தியானம் அக்காவும் யார்டுப் பெண்களும் வரிசையாக நின்று ஓடிபி சொன்னார்கள், உலைக்காரர்கள் இரண்டு பேருடையதும் சேர்ந்துவிட்டது. மூன்றாம் பக்கத்தில் சாகிறவனுக்கு இப்போது பெயர் இருக்கிறது, அவனுக்காக அழுகிற ஒருத்தியும் இருக்கிறாள். அதனால் முதல் அத்தியாயம் இரண்டு பக்கம் நீண்டு, பதிப்பகத்தில் முனகினார்கள். முனகட்டும்.

ஆனால் அதற்கு முன், அக்கா எழுந்து போன அன்றே, நான் உலைப் பக்கம் போனேன். லேபிலிருந்து நூறு தப்படிகூட இருக்காது. ஃபர்னஸ் அண்ணன் பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குடும்பத்து மனிதர் என்பது மட்டும்தான் அவரைப் பற்றி எனக்குத் தெரியும். ஒரு தடவை உருக்குவதை ஹீட் என்போம். ஹீட் சரியில்லை என்றால் திருப்பி அனுப்பி, உருக்கியவர் பெயரைக் கேட்டு மெமோ எழுதுவது லேபின் வேலை. இவருடைய ஹீட் ஒன்றைக்கூட நான் திருப்பியதில்லை. எட்டு வருடத்தில் பெயர் கேட்கிற அவசியமே வரவில்லை.

"அண்ணே, உங்க பேர் என்ன?" என்றேன்.

அவர் முகமூடியைத் தூக்கிவிட்டு என் கையிலிருந்த போனைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"கார்பன் பாத்துத்தான் போட்டேன் மேடம், சத்தியமா. எம் பேர எழுதிடாதீங்க."