பக்கம் திருப்புகிற அக்கா

ஒரே ஒரு 'உஷ்'. அதை அவன் பதினான்கு வருடமாக மறக்கவில்லை.

கல்லூரி ஹாலுக்குப் பொறுப்பு அவன். கதவு திறப்பது, நாற்காலி துடைப்பது, விளக்குப் போடுவது, பியானோவின் போர்வையை எடுத்து மடிப்பது எல்லாம் அவன் தலையில். வருடத்துக்கு நான்கு முறை எங்கெங்கிருந்தோ பியானோ வாசிப்பவர்கள் வருவார்கள். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கச்சேரி. இருநூறு நாற்காலியில் முப்பது நிறைந்தால் அன்றைக்கு நல்ல கூட்டம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாடிக்காரர் ஒருவர் வந்து வாசித்தார். பின்சுவரில், சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு இவன் உட்கார்ந்திருந்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு அதில் என்ன தெரியும்? ஆனால் அன்றைக்கு உள்ளே என்னவோ செய்தது. தாடிக்காரர் ஓங்கி ஒரு அடி அடித்துக் கையைத் தூக்கியதும், இவன் எழுந்து நின்று படபடவென்று தட்டிவிட்டான். தட்டியது இவன் ஒருவன்தான். அது முதல் பகுதியாம். இன்னும் இரண்டு பகுதி பாக்கியாம். எல்லாம் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டுமாம். முப்பது தலையும் திரும்பின. தாடிக்காரர் பார்த்து வாசிக்கிற இசைத்தாள்களைப் பக்கம் திருப்பிக்கொடுக்க மேடையில் உட்கார்ந்திருந்த ஆபீஸ் டைப்பிஸ்ட், உதட்டில் விரல் வைத்து 'உஷ்' என்றார். ஹாலே சிரித்தது.

திங்கட்கிழமையிலிருந்து அவன் பெயர் 'கைதட்டி'. கேன்டீன்காரர் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் டீயை நீட்டுவார். டைப்பிஸ்டை ஆபீஸ் முழுக்க 'அக்கா' என்று கூப்பிட, இவன் மட்டும் 'மேடம்' என்பான். அது மரியாதை இல்லை, வேலி.

"ஒரு உஷ்ஷுக்கா இத்தனை வருஷக் கோவம்?" என்பாள் மனைவி. "நான் தெனமும் வாயை மூடுங்கன்றேன். அதுக்கு என்ன பண்ணப்போறீங்க?"

"நீ முப்பது பேர் முன்னாடி சொல்லலையே."

பிடிக்காத ஆளைத்தான் மனிதன் உற்றுப் பார்க்கிறான். இவனும் பார்த்தான். கச்சேரி அன்று அக்கா ஒரு மணி நேரம் முன்னதாக வருவார். சின்ன வயதில் ஒன்பது வருடம் பியானோ கற்றவர். அப்பா படுக்கையில் விழுந்ததும் அதை விட்டுவிட்டு டைப்ரைட்டரில் உட்கார்ந்தவர். கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போடுவார், டிக்டிக் கேட்டுவிடக் கூடாதென்று. வாசிப்பவருக்கு இடப்பக்கம், கொஞ்சம் பின்தள்ளி அவர் நாற்காலி. பக்கம் முடியப் போகையில் பூனைபோல் எழுந்து, இடது கையால் தாளின் மேல்முனையைப் பிடித்து, ஒரு தலையசைப்புக்குத் திருப்பிவிட்டு உட்கார வேண்டும். சிரிக்கக் கூடாது, தாளம் போடக் கூடாது. கடைசியில் எல்லோரும் எழுந்து தட்டும்போதும் அவர் மட்டும் மடியில் கை வைத்துக் குனிந்திருப்பார். நோட்டீசில் அவர் பெயர் வராது. அந்த நோட்டீசை டைப் அடிப்பதே அவர்தான்.

பதினான்காவது வருடம், ஒரு கச்சேரிக்கு முன்னால் மேடைக்குப் பின்புறம் டீ கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் கையில் கப்பும் சாசரும் தந்தியடித்தன.

"பாத்துட்டீங்களா?" என்றார்.

"பாத்தேன் மேடம்."

"பேராசிரியர்கிட்ட சொல்லிடாதீங்க. எனக்கு வருஷத்துல நாலு சனிக்கிழமைதான் இருக்கு."

பழி தீர்க்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கச்சேரி நடத்தும் பேராசிரியரின் அறை இருபது அடியில் இருந்தது. அவன் இருபது அடியும் நடந்தான். உள்ளே போய், "சார், கோந்து பாட்டில் இருக்கா?" என்று கேட்டான்.

அன்றைக்கு வாசிக்க வேண்டியது ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் கோத்த தாள்கள். பழைய அழைப்பிதழைக் கட்டை விரல் அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொரு தாளின் முனையிலும் நாக்குப்போல நீட்டி ஒட்டினான். நடுங்குகிற கைக்கும் அது அகப்படும். அக்கா நான்கைந்து தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு மூளை கையில இருக்கு தம்பி."

"தலையில இல்லைன்றீங்க."

அக்கா சிரித்ததை அன்றுதான் பார்த்தான்.

பாதிக் கச்சேரி வரை பழுதில்லை. சத்தம் வரக் கூடாதென்று மின்விசிறிகளை அவனே நிறுத்தியிருந்தான். ஹால் புழுங்கியது. வாசித்த பெண்மணி தலையசைத்தார், அக்கா காகித நாக்கைப் பிடித்துத் திருப்பினார். வாசிப்பு நின்றது. இரண்டு தாள் ஒன்றாகப் போயிருந்தன. ஒன்றைத் திருப்பிக் கொண்டுவர அக்கா பட்ட பாட்டை, அந்த விரல்களை, முப்பது பேரும் பார்த்தார்கள். மூன்று மூச்சு இழுக்கும் நேரம். பிறகு அந்தப் பெண்மணி மனப்பாடமாகவே வாசித்து ஒப்பேற்றினார்.

"ரொம்ப வருஷம் பண்ணிட்டீங்கம்மா. இனிமே ஓய்வெடுங்க," என்றார் பேராசிரியர்.

"ஆமா சார். கை சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது," என்று சொல்லிவிட்டு, அக்கா கடிகாரத்தை எடுத்துக் கட்டப் பார்த்தார். கட்ட வரவில்லை. கையில் பிடித்தபடியே போனார்.

மேடையைக் கூட்டும்போதுதான் இவன் ஃபைலைப் பிரித்தான். கோந்து காயவில்லை. இரண்டு நாக்கும் ஒட்டிப்போய்க் கிடந்தன.

மறுநாள் அந்தத் தாள்களோடு அக்கா வீட்டுக்குப் போனான். அச்சகத்து மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரே ஒரு நாற்காலி. அவனை அதில் உட்கார வைத்துவிட்டு அக்கா நின்றார். ஆள் வந்து பழக்கமில்லாத வீடு.

"கை இல்ல மேடம், என் கோந்து. நாளைக்கே சார்கிட்ட சொல்லிடறேன்."

அக்கா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். "சொல்லி? கோந்து நேத்து ஒரு நாள்தான் தம்பி. நடுக்கம் இனிமே எல்லா நாளும். விடுங்க."

அவன் தாள்களை மேசையில் நேராக அடுக்கினான். வாயில் வேறு எதுவோ வந்தது. "ஒரு தடவை என்னை உஷ்ஷுன்னீங்க."

"ஞாபகம் இருக்கு. நீங்க தட்டினப்போ எனக்கும் கை எழும்பிடுச்சு. அங்க உக்காந்து தட்டியிருந்தா அன்னிக்கே அனுப்பியிருப்பாங்க. அதை அடக்கப்போயி, அந்த பயமெல்லாம் உங்க மேல விழுந்துடுச்சு."

"அதுலேர்ந்து என்னை கைதட்டின்னு கூப்பிடறாங்க."

"நல்ல பேருதானே? எனக்கு அப்படி ஒண்ணுகூட யாரும் வெக்கலை."

அடுத்த கச்சேரிக்கு ஒரு மாணவி பக்கம் திருப்பினாள். அக்கா வந்து, கடைசி வரிசையில் அவன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாம் முடிந்து எல்லோரும் தட்டினார்கள். அக்கா கை மடியிலேயே இருந்தது. இப்போது தடுக்க ஆளில்லை. மெல்ல இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றையொன்று தேடின, சேரவில்லை. மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். அவன் சுவிட்சைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான்.

அந்த வருடத்தோடு அக்காவுக்கு ஆபீஸ் வேலையும் முடிந்தது. தங்கை வீடு தூரத்து ஊரில், அங்கே போகிறார். கடைசி நாள் மதியம், யாருமில்லாத ஹாலுக்கு அக்கா ஒரு நோட்டீசோடு வந்தார். அவர் அடித்த கடைசி நோட்டீஸ், அடுத்த மாதக் கச்சேரிக்கு. பல இடத்தில் எழுத்து இரட்டையாக விழுந்திருந்தது.

"வாங்கக்கா," என்றான் அவன். பதினான்கு வருடத்தில் முதல் தடவை. அக்கா அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. நடுங்குகிற விரலை ஒரு வரியில் வைத்தார்.

"தாடிக்காரர் அன்னிக்கு வாசிச்சாரே, அதேதான். மூணு பகுதி."

"சரிக்கா."

"முதல் பகுதி ஓங்கி ஒரு அடியோட முடியும். தெரியும்ல?"

"அது மறக்குமா?"

"அது முடிஞ்சதும் எழுந்து தட்டுங்க தம்பி. யாரு உஷ்ஷுன்னாலும் நிறுத்தாதீங்க. எனக்கும் சேத்துத் தட்டுங்க."