வெளிவாசல் அக்காவும் சம்பந்தியம்மாள் பையும்

"தோள் ஒரு பக்கமா சாயுதே சார், பையில என்ன, மலையா?" என்று கேட்டுக்கொண்டே அக்கா ஜிப்பை இழுத்துவிட்டார். உள்ளே தண்ணீர் பாட்டில், ஒரு துவாலை, துவாலைக்குள் பச்சைக் குழந்தையைப் போலச் சுற்றிவைத்த ஒரு சிவப்புக் கல்.

மலைப் பூங்காவின் வெளிவாசலில் அக்காவுக்கு வேலை இதுதான்: கல் எதுவும் வெளியே போகாமல் பைகளைச் சோதிப்பது. உள்ளே சிவப்பும் சாம்பலுமாய் அடுக்கடுக்கான பாறைகள், இதோ விழப்போகிறேன் என்று மிரட்டியபடி விழாமல் நிற்கிற ஓர் உருண்டைப் பாறை, உச்சியில் சிப்பி பதிந்த சுண்ணாம்புக் கல். கண் நிறைந்தாலும் வருகிறவர்களுக்குக் கை சும்மா இருக்காதே! மீன்தொட்டிக்கு என்பார்கள், தானாகப் பைக்குள் விழுந்தது என்பார்கள். "நடந்து வந்து விழுந்துச்சா?" என்பார் அக்கா. காதல் ஜோடி ஒன்று, ஞாபகத்துக்கு வேண்டும் என்று கெஞ்சியது. "கல்லு இங்க இருக்கட்டும், நீங்க சேர்ந்து இருங்க. அது போதும்."

மேலாளரின் சாப்பாட்டு டப்பாவையே திறந்து பார்த்த மகராசி அவர். பிடுங்கிய கல்லை ஓரமாக வீசவும் மாட்டார். நிறத்தைப் பார்த்து, விரலால் தேய்த்து, எந்தச் சரிவின் கல்லோ அங்கேயே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்.

நேற்று அந்தத் துவாலைக் கல்லைப் பிடுங்கி வைத்த கையோடு வந்தது வினை. நாலு வரன் தட்டிப்போய், மகளுக்கு இப்போதுதான் ஓர் இடம் கைகூடியிருக்கிறது. வருங்காலச் சம்பந்தியம்மாள் பூங்காவைப் பார்க்க ஆசைப்பட்டார். மகள்தான் கூட்டிக்கொண்டு சுற்றினாள். திரும்பி வரும்போது அந்தம்மாளின் கைப்பை ‘டொக் டொக்’ என்றது. அக்கா காது கேட்காத மாதிரி இருந்துவிடலாம்தான். ஆனால் துவாலைக் கல்லைப் பறிகொடுத்த சார் இன்னும் அங்கேயே முறைத்துக்கொண்டு நிற்கிறாரே! மகளோ "அம்மா, வேணாம்மா" என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"என்ன சம்பந்தி, பை கனக்குதோ?"

"சின்னக் கல்லுதான். சிப்பி பதிஞ்சு அழகா இருந்துச்சு. நமக்குள்ள என்ன?"

"அது கடலுக்கு அடியில கெடந்தது சம்பந்தி. மேல ஏறி வர எத்தனையோ கோடி வருஷம் ஆச்சு. நீங்க ஒரு நொடியில பையில போட்டுட்டீங்களே!"

சம்பந்தியம்மாளின் முகம் சுருங்கியது. மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா ஒரு கையால் தன் நாற்காலியைத் தூசி தட்டி, "உக்காருங்க சம்பந்தி" என்று அருகே இழுத்துப் போட்டார். மறு கையைப் பைக்கு நேரே விரித்து நீட்டியபடியே நின்றார்.