படிவத்தில் நான் எழுதிய தொழில்

எங்கள் வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு மாதாமாதம் அரசாங்க உதவிப் பணம் வந்தது. அதை வாங்கினால் ஆள் சோம்பேறியாகிவிடும் என்று பேசுகிறவர்களை பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் இன்றும் பார்க்கிறேன். கேட்டாலே உடம்பு எரிகிறது. அந்தப் பணம் வந்த பிறகுதான் அம்மா கிள்ளான் பக்கத்து மேருவில் ஒரு தொழிற்சாலையைக் கூட்டிப் பெருக்கும் வேலையை விட்டார். அதே தொழிற்சாலைக்கு எதிரே மேசை போட்டு, தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறான நாசி லெமாக் விற்கத் துணிந்தார். மழை கொட்டி, பாதிப் பொட்டலம் மிஞ்சினாலும் வீட்டில் அரிசி இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் மேசை நின்றது.

உதவியைப் புதுப்பிக்கும் படிவம் வந்தது. தொழில் என்ற கட்டத்தைக் காட்டி அம்மா சொன்னார்:

"வீட்டுல சும்மா இருக்கேன்னு போடு. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

"நீயா சும்மா இருக்க? தெனம் தேங்காப்பால் பிழியறது யாரு, பேயா?"

"சரி லா, படிச்சவ சொன்னா சரிதான்."

பெரிய எழுத்தில் 'வியாபாரி' என்று எழுதினேன். எழுதியதை இரண்டு முறை படித்தும் பார்த்துக்கொண்டேன்.

உதவி நின்றது. ஏன் என்று கேட்கப் போனேன். கிள்ளான் நலத்துறை அலுவலகத்தில் முகப்பில் இருந்த தமிழ்ப் பெண் அந்தக் கட்டத்தை விரலால் தட்டினார்.

"அம்மாதான் பிஸ்னஸ் பண்றாங்களே மா. இது கஷ்டப்படுறவங்களுக்கு."

"அக்கா, இந்தக் காசு வரதாலதான் அவங்க பிஸ்னஸே பண்றாங்க."

"ரூல்ஸ் அப்படி. கூலி வேலைக்குப் போனா திரும்ப அப்ளை பண்ணுங்க. நெக்ஸ்ட்!"

எவ்வளவு விற்கிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒரு கேள்வி இல்லை.

அடுத்த மூன்று வாரமும் மழை. மிஞ்சிய சோற்றை நாங்களே தின்றோம். அதன் பிறகு அம்மா மேசையை மடக்கிக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டுப் பழைய சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். "முதலாளியம்மா வந்துட்டாங்க, வழி விடுங்க!" என்று மேற்பார்வையாளர் கிண்டல் செய்தாராம். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது புதுப் படிவம். 'துப்புரவுப் பணியாளர்' என்று எழுதிவிட்டேன். உண்மைதான். உதவி திரும்பக் கிடைத்துவிடும். மேசையை விரித்தால் மறுபடி நின்றுவிடும்.

"அந்த மேசைய வித்துடலாமா? இடத்த அடைக்குது" என்றார் அம்மா.

"தொட்டுப் பாரு!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஆன்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.